ஒதிலியா டீச்சரும் கான்கிரீட் படகும்

முதன்முதலாக ஒரு கான்கிரீட் உருளை உடையும் சத்தத்தைக் கேட்டபோது ஒதிலியா டீச்சர் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். கையிலிருந்த இலக்கணப் புத்தகத்தைத் தலைமேல் கவிழ்த்திருந்தார்.

"கேஸ் வெடிச்சிருச்சா?" என்றார் அங்கிருந்தபடியே.

"இல்ல டீச்சர், கான்கிரீட்டு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சோதனைக்கூடத்தில் நான் அதிகம் பேசுவதில்லை. அச்சுகளைக் கழுவி எண்ணெய் தடவி அடுக்குவதும், உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளுவதும் என் வேலை. என்னை எல்லாரும் தோன்யா தென்ச்சா என்பார்கள். துராங்கோவில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் கான்கிரீட்டை உருளையாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நொறுக்குவார்கள். எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்க. கடைசி நொடியில் பீரங்கி போலச் சத்தம் வரும். எனக்குப் பழகிவிட்டது.

அந்த பிப்ரவரியில் அவருடைய வகுப்பறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அவரையும் பன்னிரண்டு மாணவர்களையும் இரண்டு வாரத்துக்கு எங்கள் கூடத்தின் ஓரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஏற்கெனவே தோற்றவர்கள். சிலர் இரண்டு முறை, சிலர் மூன்று. ஆங்கிலம் தேறாமல் பட்டம் கிடையாது. பாலம் கட்டத் தெரிந்தும் பட்டம் வாங்காமல் டாக்சி ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் கண்கள் தாமாக மூடிக்கொள்வதை முதல் மூன்று நாளும் நான் அச்சு கழுவும் தொட்டிப் பக்கம் நின்று பார்த்தேன். நேற்று நான் சந்தைக்குப் போனேன், நாளை நான் சந்தைக்குப் போவேன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்தார்கள். அவர்களில் ஒருவனும் சந்தைக்குப் போகிறவன் இல்லை.

டீச்சர் மேசையடியிலிருந்து வெளியே வந்தார். முழங்காலில் தூசி. நேராக இயந்திரத்திடம் போனார். ஆங்கிலத்தில், "இது என்ன? எதுக்கு இதை உடைச்சீங்க?" என்று கேட்டார்.

அப்தியேல் என்ற பையன் ஸ்பானிஷில் ஆரம்பித்தான். வகுப்பிலேயே பெரிய வாய் அவனுக்குத்தான். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தக் கூடத்துக்குள்ள எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. கான்கிரீட்டும் தெரியாது. ரெண்டாவது பொய் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆசிரியர் தனக்குத் தெரியாது என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. தெரியாத தெருவுக்கு வழி கேட்டால்கூடக் கைகாட்டி அனுப்பிவிடுகிற ஊர் இது. பிறகு யுரிதியா என்ற மாணவி எழுந்து, மூன்று வார்த்தையும் நான்கு சைகையுமாக எதையோ சொன்னாள். டீச்சர் புருவத்தைச் சுருக்கி, "எனக்குப் புரியல. எதுக்கு இருபத்தெட்டு நாள்? இருபத்தேழு போதாதா?" என்றார். அது யுரிதியாவுக்குக் கோபத்தை வரவழைத்தது. கோபத்தில் இன்னும் ஆறு வார்த்தை வந்தது.

இலக்கணப் புத்தகம் அன்றிலிருந்து என் அச்சு அலமாரியில் கிடந்தது.

ஒதிலியா டீச்சரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர் என் தொட்டியருகே நின்று கோர்திதா ரொட்டி சாப்பிடும்போது சொன்னதுதான். பதினேழு வயதில் அத்தையோடு எல்லை தாண்டி எல் பாசோவில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். ஓட்டல் துணிகள். "எனக்கு யாரும் இங்கிலீஷ் சொல்லித்தரல தோன்யா தென்ச்சா. கறைதான் சொல்லித்தந்துச்சு. இது ஒயின், இது மை, இதுக்கு இந்தப் பொடி, அந்தப் பொடி போட்டா துணி கிழியும், கிழிஞ்சா மேஸ்திரி கத்துவா. கத்துறது நல்லாப் புரிஞ்சுது." திரும்பி வந்து சனி ஞாயிறுகளில் படித்து ஆசிரியரானார். முதன்முதலாக வகுப்பெடுத்தது முப்பத்தொன்பது வயதில். இருபது வருஷமாகப் புத்தகத்தோடு நடப்பவர்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. இவருக்கு வாய் திறந்தால் கேள்விதான்.

இரண்டு வாரம் முடிந்தும் அவர் பழைய வகுப்பறைக்குத் திரும்பவில்லை. ஒருங்கிணைப்பாளர் சால்திவார் இன்ஜினியர் கூடத்துக்கே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா.

"மேடம், இது இங்கிலீஷ் வகுப்பா, கொத்து வேலையா?"

"ரெண்டும்தான், இன்ஜினியர்."

"எனக்கு ரெண்டு வேண்டாம், ஒண்ணு போதும். சரி, ஒரு செமஸ்டர் தர்றேன். மே கடைசியில நானே வந்து கேள்வி கேட்பேன். கையில காகிதம் இருக்கக்கூடாது, மனப்பாடம் கூடாது. பன்னிரண்டு பேரும் இங்கிலீஷ்ல பேசணும். ஒருத்தன் வாயைத் திறக்கலைன்னாலும் இந்த வகுப்பு வேற ஆளுக்கு, பழைய புத்தகத்தோட. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன்," என்றார் டீச்சர். இன்ஜினியர் போனபின் என்னிடம் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தார்.  கண் மின்னியது.

மறுநாள் ஒரு பழைய கட்டுரையின் நகலைக் கொண்டுவந்தார். எங்கோ வடக்கே ஒரு கல்லூரிப் பிள்ளைகள் கான்கிரீட்டில் படகு கட்டி ஏரியில் துடுப்புப் போட்டது பற்றியது. "கான்கிரீட் எப்படி மிதக்கும்? கல்லு முழுகுமே," என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். இரும்புக் கப்பல் மிதக்கவில்லையா என்று ஒருவன். எரிமலைக் கல் தண்ணீரில் மிதக்கும், நான் காட்டுகிறேன் என்று யுரிதியா என் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அந்தக் கல் உண்மையிலேயே மிதந்தது. டீச்சர் அதை மூன்று முறை அமுக்கிப் பார்த்தார், மூன்று முறையும் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

இப்படித்தான் அந்தப் படகு தொடங்கியது. தெர்மோகோலைச் செதுக்கி நாலரை மீட்டர் அச்சு. அதன்மேல் கண்ணாடி நார் வலை. அதன்மேல் விரற்கடை கனத்துக்குக் கான்கிரீட். ஒவ்வொரு அடியையும் முதலில் ஆங்கிலத்தில் வாசித்து, டீச்சருக்குப் புரியவைத்த பிறகுதான் கை வைக்கலாம் என்று சட்டம். அவருக்கு லேசில் புரியாது. புரியாத மாதிரி நடிக்கிறார் என்று அப்தியேல் சொல்லித் திரிந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, நடிப்பில்லை.

பேசாதவன் ஒருவன் இருந்தான். லெயோபார்தோ. கொத்தனார் மகன், என் தொட்டிக்குப் பக்கத்து முக்காலிதான் அவன் இடம். கலவையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சரியா இல்லையா என்று சொல்லிவிடுவான். சொல்வது தலையசைப்பில். மூன்று முறை தோற்றவன். நாலாவது முறையும் போனால் படிப்பே போச்சு.

"லெயோ, உன் நாக்கையும் எங்கேயாச்சும் ஊறப் போட்டிருக்கியாடா? இருபத்தெட்டு நாள் ஆகுமா?" என்பான் அப்தியேல். லெயோபார்தோ அதற்கும் தலையைத்தான் ஆட்டுவான்.

மார்ச் முதல் வாரத்தில் வார்த்தார்கள். கட்டுரையில் இருந்த அளவுகளெல்லாம் பவுண்டில். யுரிதியா ஒவ்வொன்றையும் கிலோவுக்கு மாற்றிப் பலகையில் எழுதியிருந்தாள். சிமென்ட் மட்டும் ஒன்றரை மூட்டை என்றிருந்தது. மூட்டைக்கு என்ன மாற்றம் வேண்டிக்கிடக்கிறது? அலமாரியிலிருந்து ஒரு மூட்டையும் பிரித்த பாதி மூட்டையும் போட்டார்கள். கலவை கட்டியாக வந்தது. கரண்டியில் ஒட்டவில்லை, வலைக்குள் இறங்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள். லெயோபார்தோ ஒரு தகரக் குவளையை எடுத்து, அளக்காமல், கண் பார்வையில் தண்ணீர் விட்டான். இன்னொரு குவளை. அவன் அப்பா வேலைத்தளத்தில் அப்படித்தான் செய்வார். கலவை வெண்ணெயாக இறங்கியது. எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் படகு காயாமலிருக்க அதை மூடியிருந்த சாக்கைத் தினமும் நான்தான் போய் நனைத்தேன். விடுமுறை முடிந்து ஏப்ரலில் சாக்கை விலக்கினார்கள். படகின் வயிற்றில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதிலிருந்து கிளைகள். யுரிதியா தண்ணீர் ஊற்றினாள். அடியில் ஒழுகியது.

 டீச்சர் குனிந்து அந்த விரிசலில் நகத்தை ஓட்டினார்.

"நல்லது," என்றார் ஆங்கிலத்தில். "ஏன்?"

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயில், வலை, சாக்கு. சாக்கு என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒவ்வொரு காரணத்துக்கும் டீச்சர் ஒரு கேள்வி போட்டார், ஒவ்வொன்றும் விழுந்தது. கடைசியில் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இங்க எல்லாத்துக்கும் கிலோ போட்டிருக்கு. இதுக்கு மட்டும் மூட்டைன்னு இருக்கே. ஒரு மூட்டை எவ்வளவு கனம்?"

கூடமே சிரித்தது. "டீச்சர், சின்னப் பையனைக் கேட்டாக்கூடச் சொல்வான். அம்பது கிலோ," என்றான் அப்தியேல், ஸ்பானிஷில்.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. எங்க எழுதியிருக்கு அம்பதுன்னு? காட்டு."

யுரிதியா கட்டுரையை எடுத்தாள், அவருக்குக் காட்டி வாயை அடைக்கலாம் என்று. பட்டியலுக்குக் கீழே எறும்பு மாதிரி ஒரு வரி. அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் கணக்குப் போட்டாள். அங்கே ஒரு மூட்டை தொண்ணூற்று நாலு பவுண்டு. நாற்பத்து மூன்று கிலோகூட இல்லை.

பதினோரு கிலோ சிமென்ட் அதிகம். அதனால்தான் கட்டி. கட்டியானதால் தண்ணீர். தண்ணீர் அதிகமானதால் விரிசல். எல்லார் பார்வையும் லெயோபார்தோவின் தகரக் குவளைக்குப் போய்விட்டு, பிறகு அவரவர் சப்பாத்துக்குப் போனது. மூட்டை என்றால் ஐம்பது என்று பன்னிரண்டு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததை யாரும் கேட்பதில்லை.

டீச்சர் மட்டும் ஆனந்தத்தில் இருந்தார். "அப்போ என் கேள்வி முட்டாள்தனமில்ல," என்றார் மெதுவாக.

இரண்டாவது படகு வார்ப்பது என்று அங்கேயே முடிவானது. லெயோபார்தோவின் அப்பா தன் வண்டியில் சிமென்ட் கொண்டுவந்து இறக்கினார். முதல் படகைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று யுரிதியா எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள். "அது சோதனைக்குன்னு வச்சிருந்த சிமென்ட். இன்ஜினியருக்குத் தெரிஞ்சா டீச்சர் வகுப்பு காலி. நமக்கு இருக்குறது ஒரே படகு. புரிஞ்சுதா?" டீச்சர் அப்போது அங்கே இல்லை. பழைய படகை உடைத்த துண்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கூடத்தின் பின்னால் கொட்டியது நான்தான். பழைய சாக்கும் போட்டு மூடினேன்.

மே மூன்றாம் தேதி புனிதச் சிலுவை நாள், கொத்தனார்கள் திருநாள். ஊறிக்கொண்டிருந்த படகின் முனையில் காகிதப் பூச் சுற்றிய மரச் சிலுவையைப் பிள்ளைகள் கட்டினார்கள். வேலைத்தளத்தில் எல்லாரும் செய்வதுதான். யாரும் அதைப் பிறகு அவிழ்க்கவில்லை.

மே கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, அணைக்கரை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. படகைக் கரையில், மூக்கு தண்ணீரில் படும்படி இறக்கி வைத்திருந்தார்கள். அப்தியேல் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். சால்திவார் இன்ஜினியர் தன்னோடு ஒரு பெண்மணியைக் கூட்டி வந்திருந்தார். டெக்சாஸில் ஏதோ கல்லூரியில் பேராசிரியை, வைக்கோல் தொப்பி, ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது.

"முதல்ல பேச்சு. அப்புறம் தண்ணி," என்றார் இன்ஜினியர்.

முதல் ஐந்து பேர் வரிசையாக வந்து சொன்னார்கள். எரிமலைக் கல், வலை, இருபத்தெட்டு நாள். பிழையில்லாமல்தான். ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, ஒரே ராகத்தில். இன்ஜினியர் ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"மேடம், இது மனப்பாடம்," என்றார் டீச்சரிடம்.

 டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. முட்டிவரை வரும் பெரிய ரப்பர் காலணியில் அவர் அப்படியே மணலில் புதைந்து நின்றார்.

அப்போது அந்தப் பெண்மணி படகைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டார். "அழகா வந்திருக்கு. இதுதான் உங்க முதல் படகா?"

"ஆமா," என்றாள் யுரிதியா.

"இல்ல," என்றான் லெயோபார்தோ.

நான் அவனுடைய குரலை ஆங்கிலத்தில் கேட்டது அதுதான் முதல் முறை. யுரிதியா அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"இல்ல," என்றான் மறுபடி. "முதல் படகு, விரிசல். செத்துப்போச்சு."

"ஏன் விரிசல் விட்டுச்சு?" என்று கேட்டார் பெண்மணி.

லெயோபார்தோ ஒரு கையால் மூட்டையைத் தூக்குவதுபோலக் காட்டினான். "உங்க மூட்டை சின்னது. எங்க மூட்டை பெரிசு. எங்க மூட்டையைப் போட்டோம். கலவை கட்டி. நான் தண்ணி விட்டேன். அளக்கல."

"அவன் மட்டும் இல்ல," என்று குறுக்கே வந்தான் ஒருவன், அவனும் ஆங்கிலத்தில். "ஊத்து ஊத்துன்னு நாங்க சொன்னோம்."

"நான் சொல்லல. நான் வலையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"நீ பிடிச்சியா? நீ போனைப் பிடிச்சிட்டிருந்தே."

"மூட்டையை எழுதினது யுரிதியா. கிலோ போடாதது யுரிதியா."

"பவுண்டு எல்லாத்தையும் யாரு மாத்தினா? நீயா? நீ பூஜ்யத்தை மாத்துறதுக்கே ஒரு வாரம் ஆகும்."

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி. ஆளுக்கு ஆள் கையை நீட்டி, குரலை உயர்த்தி, முழு வார்த்தையும் அரை வார்த்தையுமாக. குவளை எத்தனை என்று ஒரு சண்டை. சாக்கை எடுத்த நாள் பற்றி ஒரு சண்டை. இலக்கணம் காற்றோடு போயிற்று, ஆனால் ஒருவன் சொன்னது மற்றவனுக்குச் சுருக்கென்று தைத்தது, உடனே பதில் வந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். பெண்மணிக்குப் புரிய வேண்டும், தன் பக்கம்தான் நியாயம் என்று அவர் சொல்ல வேண்டும், அதுதான் ஒவ்வொருவருக்கும் அவசரம். அவரும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

சால்திவார் இன்ஜினியரின் உதடு அசைந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு. ஒன்பது. பத்து. நானும் எண்ணினேன். பதினொன்று.

அதோடு நின்றுவிட்டது. பேசாதவன் யார் என்று தேடினேன். தண்ணீரில் நின்ற அப்தியேல். வகுப்பிலேயே பெரிய வாய். செமஸ்டர் முழுக்க அவன் பேசியது ஸ்பானிஷ் கிண்டல் மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிண்டலுக்குப் பின்னால் அத்தனை நாளும் ஒளிந்திருந்திருக்கிறான். இன்ஜினியரும் அவனைத்தான் பார்த்தார். டீச்சரும். அப்தியேலோ கயிற்றையும் மறந்து, வாயைப் பிளந்து, கரையில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு பலமான காற்று வந்தது. மணல் கிறீச்சிட்டது. காகிதப்பூச் சிலுவை ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நகர்ந்தது.

"படகு!" என்று அலறினான் அப்தியேல். "படகு போகுது! கழுதைங்களா, படகு போகுது, அப்புறம் சண்டை போடுங்க, கயிறு, கயிறு, யாராச்சும் கயித்தைப் பிடிங்க!"

சண்டை எந்த மொழியில் நடந்ததோ அதே மொழியில்தான் கத்தினான். கழுதை உட்பட.

எல்லாரும் திரும்பினார்கள். யாரும் தள்ளாமல், யாரும் ஏறாமல், படகு தானாகத் தண்ணீருக்குள் பத்தடி போய்விட்டிருந்தது. மிதந்தது. நூற்று இருபது கிலோ கான்கிரீட், வாத்து மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு.  கரையிலிருந்த பதினொரு பேரும் உடுப்போடு தண்ணீரில் குதித்தார்கள். ஒதிலியா டீச்சர் காலணியை மணலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு அவர்கள் பின்னால் ஓடினார்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். "பன்னிரண்டு," என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "தோன்யா தென்ச்சா, கூடத்துக்குப் பின்னால சாக்குக்கு அடியில கிடக்குறது என்னன்னு ஏப்ரல்லயே பார்த்தேன். சாக்கு கொஞ்சம் சின்னதாப் போச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

டீச்சர் கரையேறி வந்தபோது பாவாடை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. இன்ஜினியர் அவரிடம் சொன்னார்: "ஆகஸ்ட்ல குடிதண்ணி, சாக்கடை படிக்கிற பதினாறு பேர் வர்றாங்க. எல்லாரும் தோத்தவங்க. எடுத்துக்குறீங்களா?"

"குழாய் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதே, இன்ஜினியர்."

"தெரியும். அதான் கேக்குறேன்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான் கூடத்தைத் திறந்தபோது டீச்சர் வாசலில் நின்றிருந்தார். விடுமுறை தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆகஸ்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நேராக என் தொட்டியிடம் போய் மண்டியிட்டு, கைவிளக்கை அடித்து, அடியில் வளைந்து போகும் குழாயைப் பார்த்தார்.

"இது ஏன் நேராப் போகாம இப்படி வளைஞ்சு போகுது, தோன்யா தென்ச்சா?"

இருபத்திரண்டு வருஷம் அதன்மேல் நின்று கழுவியிருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை. நானும் மண்டியிட்டேன்.